அனுமதிப் பரீட்சைக்கு ஆங்கிலம்: வீட்டிலிருந்தே பழக ஆறு பாடங்கள்



க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலம் ஒரு பாடம். உயர்தரத்திலே பொது ஆங்கிலம் என்றொரு வினாத்தாள் உண்டு. அதற்கு அப்பாலும் தொழிற்பயிற்சிக்கோ, டிப்ளோமா வகுப்புக்கோ, உத்தியோகத்துக்கோ ஆட்களைத் தெரிவு செய்வதற்கு வைக்கப்படும் பரீட்சைகள் பலவற்றில் ஆங்கில இலக்கணப் பகுதி ஒன்று வருகின்றது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல புள்ளி எடுக்கும் கிராமத்துப் பிள்ளை, இந்த ஒரு பகுதியில் தடுக்கி விழுந்து இடத்தை இழந்துபோவதை நாம் பல தடவைகள் கண்டிருக்கின்றோம்.

இதற்குப் பிள்ளையின் மூளை காரணமல்ல. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடம் மாறி மாறி அலைந்த குடும்பங்களும் காரணத்தை அறிவார்கள். அன்று பாடசாலை தவறிய பிள்ளைகள் பலர் இன்று தாய் தகப்பன்மாராக இருக்கின்றார்கள். “எனக்கே ஆங்கிலம் தெரியாது, நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது?” என்று அவர்கள் கேட்கின்றார்கள். ரியூசனுக்கு அனுப்பப் பணமில்லாத வீட்டில் இந்தக் கேள்வி இன்னும் பாரமானது. ஆகவே இந்தப் பாடம் பிள்ளைக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருந்து கேட்கப்போகும் தாய்க்கும் தகப்பனுக்குமாகத்தான் எழுதப்படுகின்றது.

பாடத்தைப் பயன்படுத்தும் முறை

ஆங்கில வாக்கியங்கள் எல்லாவற்றையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கின்றோம். ஆங்கில எழுத்துத் தெரியாத பெற்றோரும் வாசிக்கலாம் என்பதற்காகவே இப்படிச் செய்தோம். பெற்றோர் தமிழ் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பின்பு பெற்றோர் தாளைப் பார்த்து, சரியா பிழையா என்று சொல்லலாம். அதன் பிறகு பிள்ளை அதே வாக்கியத்தைத் தன் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதி, மறுநாள் பாடசாலையில் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். சொல்லின் முடிவில் ‘ற்’ வந்தால் ‘ரீ’ எழுத்தின் ஒலி என்றும், ‘ட்’ வந்தால் ‘டீ’ எழுத்தின் ஒலி என்றும் கொள்ளவும்.

செம்மண் தறையில் வெங்காயம் வைத்துப் பழகியவர் களிமண் வயலுக்குப் போனால், அங்கும் அதே மாதிரி நீர் விடுவதில்லை. நிலம் எங்கே வேறுபடுகின்றது என்று முதலில் பார்ப்பார். மொழியும் அப்படியே. எமது பிள்ளைகள் விடும் பிழைகளில் மிகப் பல, தமிழின் ஒழுங்கை ஆங்கிலத்தில் அப்படியே கொண்டுபோய் வைப்பதனால் வருகின்றவை. தமிழும் ஆங்கிலமும் பிரியும் இடங்களை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அத்தகைய ஆறு இடங்களை இங்கு பார்ப்போம்.

பாடம் 1: வாக்கியத்தின் ஒழுங்கு

தமிழில் “அப்பா வயலை உழுகிறார்” என்கின்றோம். யார், எதை, என்ன செய்கிறார் என்பது எமது ஒழுங்கு. ஆங்கிலத்தில் யார், என்ன செய்கிறார், எதை என்பதே ஒழுங்கு: “ஃபாதர் ப்ளௌஸ் த ஃபீல்ட்.” வினை நடுவில் வருகின்றது.

இதனோடு சேர்ந்த இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, “என் அப்பா விவசாயி” என்ற தமிழ் வாக்கியத்தில் வினையே இல்லை. அதனால் பிள்ளை “மை ஃபாதர் ஃபார்மர்” என்று எழுதிவிடுகின்றது. வினை இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது. “மை ஃபாதர் இஸ் அ ஃபார்மர்” என்பதே சரி. இப்படியான இடங்களில் ஆம், இஸ், ஆர் என்பவற்றில் ஒன்றும், கடந்த காலமானால் வொஸ், வேர் என்பவற்றில் ஒன்றும் வர வேண்டும்.

இரண்டாவது, தமிழில் “வந்தேன்” என்றாலே வந்தவர் நான் என்று விளங்கும். வினையின் விகுதி ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் “கேம்” என்றால் வந்தவர் நானா, நீயா, அவர்களா என்று தெரியாது. ஆகவே “ஐ கேம்” என்று ஆளைச் சொல்லியே ஆக வேண்டும். ஆள் என்று ஒருவருமே இல்லாத இடத்திலும் “இற்” என்ற சொல் அந்த இடத்தை நிரப்பும். மழை பெய்கிறது: “இற் இஸ் ரெய்னிங்.” இப்போது ஆறு மணி: “இற் இஸ் சிக்ஸ் ஓ க்ளொக் நவ்.”

பிள்ளை எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆள் எங்கே? வினை எங்கே? இரண்டும் இருந்தால்தான் அடுத்த வாக்கியம்.

பாடம் 2: ‘எஸ்’ எழுத்து எங்கே வரும்?

தமிழில் உழுகிறேன், உழுகிறாய், உழுகிறான், உழுகிறார்கள் என்று ஒவ்வோர் ஆளுக்கும் வினை மாறும். அத்தனையையும் சிறுவயதிலேயே பிழையில்லாமல் பேசும் எமது பிள்ளைக்கு ஆங்கில வினை கடினமாக இருக்க நியாயமில்லை. வழக்கமாக நடக்கும் செயலைச் சொல்லும்போது, அவன், அவள், அது என்ற ஒருமைக்கு மட்டும் வினையின் முடிவில் ‘எஸ்’ சேரும். நான், நீ, நாங்கள், அவர்கள் என்பவற்றுக்குச் சேராது.

ஒரு விவசாயி: “த ஃபார்மர் க்ரோஸ் அனியன்ஸ்.”
பல விவசாயிகள்: “த ஃபார்மர்ஸ் க்ரோ அனியன்ஸ்.”

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விவசாயி என்ற சொல்லில் ‘எஸ்’ இருந்தால் வினையில் இல்லை. வினையில் இருந்தால் விவசாயியில் இல்லை. பெரும்பாலான இடங்களில் இந்தக் குறிப்பு உதவும். ஆனால் சில்ட்ரன், மென், விமென், பீப்பிள் ஆகியவை ‘எஸ்’ இல்லாமலே பன்மை. அவற்றுக்கு வினையிலும் ‘எஸ்’ வராது: “த சில்ட்ரன் ப்ளே.”

பரீட்சையில் பிள்ளையைச் சோதிக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. “த ப்ரைஸ் ஒஃப் அனியன்ஸ் ........ ஹை.” இங்கே இஸ் வருமா, ஆர் வருமா? வெற்றிடத்துக்குப் பக்கத்தில் அனியன்ஸ் என்ற பன்மை நிற்பதால் பிள்ளை ஆர் என்று எழுதும். உயர்ந்திருப்பது வெங்காயமா, விலையா? விலைதான். விலை ஒன்று. ஆகவே இஸ். இதே மாதிரி, “வன் ஒஃப் த கேர்ள்ஸ் இஸ் சிக்.” சுகமில்லாதவள் ஒருத்தி, ஆகவே இஸ். ஆனால் ஒஃப் என்பதற்குப் பின்னால் கேர்ள்ஸ் என்று பன்மையே வர வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளவும். எவ்ரி என்று தொடங்கும் சொற்கள் யாவும் ஒருமை: “எவ்ரி சைல்ட் ஹாஸ் அ புக்.”

பாடம் 3: கேள்வியும் மறுப்பும்

தமிழில் கேள்வி கேட்பது மிக எளிது. “போகிறாள்” என்பதுடன் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் “போகிறாளா?” ஆங்கிலத்தில் இதற்கு ஓர் உதவி வினை தேவை. டூ, டஸ், டிட் என்பவை அந்த உதவிக்காரர்கள்.

அவள் பாடசாலைக்குப் போகிறாள்: “ஷீ கோஸ் டு ஸ்கூல்.”
அவள் பாடசாலைக்குப் போகிறாளா? “டஸ் ஷீ கோ டு ஸ்கூல்?”
அவள் பாடசாலைக்குப் போவதில்லை: “ஷீ டஸ் நொற் கோ டு ஸ்கூல்.”

கோஸ் என்பதிலிருந்த ‘எஸ்’ எங்கே போனது? டஸ் என்ற சொல் அதை வாங்கிக்கொண்டது. ஒருவர் காவும் சுமையை இன்னொருவரும் காவ வேண்டியதில்லை. உதவி வினை சுமையை எடுத்துவிட்டால் முதன்மை வினை வெறுங்கையோடு நடக்கும். “டஸ் ஷீ கோஸ்” என்பது பிழை. கடந்த காலத்திலும் இதுவே முறை:

அவன் போனான்: “ஹீ வென்ற்.”
அவன் போனானா? “டிட் ஹீ கோ?”
அவன் போகவில்லை: “ஹீ டிட் நொற் கோ.”

டிட் என்பதே கடந்த காலத்தைச் சுமக்கின்றது. அதன் பின்னால் வென்ற் வராது. இந்த ஒரு பிழையை மட்டும் நிறுத்தினாலே பல புள்ளிகள் கைக்கு வரும்.

வாக்கியத்தில் ஏற்கெனவே இஸ், ஆர், கான், வில் போன்றவை இருந்தால் டூ தேவையில்லை. அதையே முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும். “ஹீ இஸ் அ ஃபார்மர்” என்பது “இஸ் ஹீ அ ஃபார்மர்?” என்றாகும். 

எங்கே, எப்போது, ஏன் என்ற கேள்விச் சொற்களும் இதே வழிதான்: “வெயர் டஸ் ஷீ லிவ்?” ஆனால் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கினால் அது கேள்வி ஒழுங்கை விட்டுவிடும்: “டெல் மீ வெயர் ஷீ லிவ்ஸ்.” மேல் வகுப்பு வினாத்தாள்களில் இதைக் கேட்பதுண்டு.

பாடம் 4: காலங்கள்

எல்லாக் காலங்களையும் ஒரே நாளில் படிக்கத் தேவையில்லை. எமது பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடம் ஒன்றை மட்டும் ஆழமாகப் பார்ப்போம்.

“நாங்கள் 2009 இல் இந்த ஊருக்கு வந்தோம்.” வந்த காரியம் முடிந்துவிட்டது. எப்போது என்றும் சொல்லியாயிற்று. ஆகவே சாதாரண கடந்த காலம்: “வீ கேம் டு திஸ் விலேஜ் இன் 2009.” இங்கே “வீ ஹாவ் கம்” என்று எழுதக்கூடாது. ஆண்டு, நேற்று, போன கிழமை, இரண்டு வருடங்களுக்கு முன் என்று முடிந்துபோன நேரம் சொல்லப்பட்டால் ஹாவ் வராது.

“நாங்கள் 2009 இலிருந்து இங்கே வாழ்கிறோம்.” தமிழில் இது நிகழ்காலம். ஆகவே பிள்ளை “வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் 2009” என்று எழுதும். பிழை அங்கேதான். அன்று தொடங்கி இன்றுவரை நீளும் காரியத்துக்கு ஆங்கிலம் ஹாவ், ஹாஸ் என்பவற்றையும் வினையின் மூன்றாம் வடிவத்தையும் கேட்கின்றது: “வீ ஹாவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2009.”

சின்ஸ், ஃபோர் என்ற இரண்டையும் குழப்பக்கூடாது. தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ்: சின்ஸ் மண்டே, சின்ஸ் 2009. எவ்வளவு காலம் என்று அளவைச் சொன்னால் ஃபோர்: ஃபோர் த்ரீ டேய்ஸ், ஃபோர் டென் இயர்ஸ். எல்லைக் கல்லைக் காட்டினால் சின்ஸ், பரப்பைச் சொன்னால் ஃபோர் என்று நினைவில் வைக்கலாம்.

வினைகளின் மூன்று வடிவங்களை மனப்பாடம் செய்வதற்குக் குறுக்கு வழி இல்லை. கோ, வென்ற், கோன். ஈற், எற், ஈட்டன். ரைற், ரோற், ரிட்டன். நாளுக்கு ஐந்து வினை போதும். நாற்று நடும்போதும் ஆடு மேய்க்கும்போதும் வாயில் சொல்லிக்கொள்ளலாம். இருபது நாளில் நூறு வினை ஆகிவிடும்.

பாடம் 5: அ, அன், த

தமிழில் “ஒரு கிணறு வெட்டினோம். அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர்” என்று சொல்கின்றோம் அல்லவா? முதலில் ஒரு, பின்பு அந்த. ஆங்கிலமும் அப்படியே: “வீ டக் அ வெல். த வெல் ஹாஸ் குட் வோட்டர்.” எது என்று கேட்பவருக்குத் தெரியாதபோது அ. தெரிந்த பிறகு த. ஒன்றே ஒன்று உள்ள பொருளுக்கும் த: த சன், த மூன்.

அ என்பதா, அன் என்பதா என்று தீர்மானிப்பது எழுத்து அல்ல, ஒலி. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் அன். ஆகவே அன் எக், அன் ஓல்ட் மான். அவர் என்ற நேரச் சொல்லின் முதல் எழுத்தான ‘எச்’ ஒலிப்பதில்லை. ஆகவே அன் அவர். யுனிவர்சிற்றி என்பது ‘யூ’ எழுத்தில் தொடங்கினாலும் ஒலி ‘ய’ என்பதால் அ யுனிவர்சிற்றி. தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் இது உடனே விளங்கும்.

எண்ண முடியாத பெயர்களுக்கு அ, அன் வராது. பன்மை ‘எஸ்’ உம் வராது. ரைஸ், வோட்டர் என்பவை எண்ண முடியாதவை என்று எளிதில் விளங்கும். ஆனால் அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லகேஜ், எக்விப்மென்ற் என்பவையும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவை. “அன் அட்வைஸ்” பிழை. “சம் அட்வைஸ்” சரி.

பாடம் 6: வேற்றுமை உருபும் முன்னிடைச் சொல்லும்

தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் அதன் வேலையைச் செய்யும் சொல் முன்னால் தனியே நிற்கும். எமது “இல்” என்ற ஒரே உருபுக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் உண்டு. நேரத்துக்கு இப்படிப் பிரிக்கலாம்:

மணிக்கு அற்: அற் சிக்ஸ் ஓ க்ளொக்.
நாளுக்கு ஒன்: ஒன் சண்டே, ஒன் த டென்த் ஒஃப் மே.
மாதத்துக்கும் ஆண்டுக்கும் இன்: இன் ஜூன், இன் 1995.

சில வினைகளுக்குப் பின்னால் இத்தகைய சொல் எதுவும் வராது. “வீ டிஸ்கஸ்ட் அபௌட் த ப்ரொப்ளம்” என்று எங்கள் சங்கக் கூட்ட அறிக்கைகளில்கூட வருகின்றது. டிஸ்கஸ் என்பதற்குப் பின் அபௌட் வராது. “வீ டிஸ்கஸ்ட் த ப்ரொப்ளம்” என்பதே சரி. என்ற்றர், ரீச் என்பவையும் அப்படியே. மாறாக, லிஸின் என்பதற்குப் பின் டு வேண்டும். வெயிற் என்பதற்குப் பின், யாருக்காக என்று சொல்லும்போது, ஃபோர் வேண்டும். திருமணமானவர் என்று சொல்லும்போது மரீட் டு என்க, மரீட் வித் என்று சொல்லக்கூடாது.

பயிற்சி

பொருத்தமானதைத் தெரிந்து வெற்றிடத்தை நிரப்புக. விடையைப் பெற்றோர் வைத்திருக்கட்டும்.

1. மை மதர் ........ அ டீச்சர். தெரிவு: ஆம் / இஸ் / ஆர்
2. த கௌஸ் ........ இன் த ஃபீல்ட். தெரிவு: இஸ் / ஆர்
3. த ப்ரைஸ் ஒஃப் சில்லீஸ் ........ லோ. தெரிவு: இஸ் / ஆர்
4. மை அங்கிள் ........ பம்ப்கின்ஸ். தெரிவு: செல் / செல்ஸ்
5. ........ யுவர் சிஸ்டர் கோ டு ஸ்கூல்? தெரிவு: டூ / டஸ்
6. ஹீ டிட் நொற் ........ த லெட்டர். தெரிவு: ரைற் / ரோற்
7. வீ ........ திஸ் லாண்ட் இன் 2012. தெரிவு: பொற் / ஹாவ் பொற்
8. ஐ ஹாவ் ஸ்டடீட் இங்கிலிஷ் ........ சிக்ஸ் இயர்ஸ். தெரிவு: ஃபோர் / சின்ஸ்
9. ஷீ வெயிட்டட் ஃபோர் ........ அவர். தெரிவு: அ / அன்
10. ஹீ கேவ் மீ ........ குட் அட்வைஸ். தெரிவு: அ / சம்
11. த மீட்டிங் இஸ் ........ சண்டே. தெரிவு: இன் / ஒன் / அற்
12. டெல் மீ வெயர் ........ தெரிவு: ஹீ லிவ்ஸ் / டஸ் ஹீ லிவ்

அடுத்து, பின்வரும் பந்தியில் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு பிழை உண்டு. கண்டுபிடித்துத் திருத்துக.

“மை நேம் சீலன். ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2010. மை ஃபாதர் க்ரோ பாடி. ஹீ டிட் நொற் வென்ற் டு த ஃபீல்ட் யெஸ்டர்டே. வீ டிஸ்கஸ்ட் அபௌட் த ரெய்ன்.”

கிழமைத் திட்டம்

ஒரு கிழமைக்கு ஒரு பாடம் என்று வைத்தால் ஆறு கிழமையில் முடியும். நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் நாள் தவறக்கூடாது. கன்றுக்கு ஒரு நாள் முழுவதும் தண்ணீர் இறைத்துவிட்டு ஒரு மாதம் மறந்திருப்பவர் எவரும் இல்லை.

முதல் இரண்டு நாட்களும் பாடத்தை வாசித்து, உதாரணங்களை வாயால் சொல்லிப் பழகவும். மூன்றாம், நான்காம் நாட்களில் பிள்ளை தன் வீட்டைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் அந்த இலக்கணத்தில் நாளுக்கு ஐந்து புதிய வாக்கியங்கள் எழுதட்டும். ஐந்தாம் நாள் அரசாங்கம் இலவசமாகத் தரும் ஆங்கிலப் பாடநூலில் ஒரு பக்கத்தை எடுத்து, அன்றைய இலக்கணம் எங்கெல்லாம் வருகின்றது என்று கீழ்க்கோடு இடவும். ஆறாம் நாள் சொல்வதெழுதுதல். மூத்த பிள்ளை இளையதுக்கு வாசிக்கலாம். ஏழாம் கிழமையிலிருந்து பழைய வினாத்தாள்களை மணிக்கூடு வைத்துச் செய்து பழகவும். அயலில் நாலைந்து பிள்ளைகள் ஒன்றுசேர்ந்தால் ஒரு வினாத்தாளைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

விண்ணப்பிக்கும் முன்னர் வர்த்தமானி அறிவித்தலையோ பத்திரிகை விளம்பரத்தையோ கடைசி வரி வரை வாசியுங்கள். எத்தனை வினாத்தாள், எவ்வளவு நேரம், எந்த மொழியில், எந்தத் தகைமை, எந்தத் திகதி என்பவற்றைக் கொப்பியில் எழுதி வையுங்கள். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழோ பெறுபேற்றுச் சான்றிதழோ தொலைந்திருந்தால் பிரதி எடுக்கும் வேலையை இன்றே தொடங்குங்கள். நன்றாகப் படித்த பிள்ளை ஒரு கடுதாசி இல்லாமல் வாசலில் நிற்கக்கூடாது.

பரீட்சை மண்டபத்தில்

தெரிந்த வினாக்களை முதலில் செய்க. தெரியாத ஒன்றில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பார்கள் என்று அறிவுறுத்தலில் இல்லாவிட்டால் எந்த வினாவையும் வெறுமையாக விட வேண்டாம். கட்டுரையிலும் கடிதத்திலும் நீண்ட வாக்கியம் எழுதி மாட்டிக்கொள்வதைவிடச் சிறிய, சரியான வாக்கியங்கள் மேல். கடைசி ஐந்து நிமிடத்தில் எழுதியதைத் திரும்ப வாசித்து மூன்றை மட்டும் பார்க்கவும்: ஒவ்வொரு வாக்கியத்திலும் வினை இருக்கின்றதா? ‘எஸ்’ சரியான இடத்தில் இருக்கின்றதா? டிட் என்பதற்குப் பின்னால் கடந்தகால வினை வந்திருக்கின்றதா?

விடைகள்

1. இஸ் 2. ஆர் 3. இஸ் 4. செல்ஸ் 5. டஸ் 6. ரைற் 7. பொற் 8. ஃபோர் 9. அன் 10. சம் 11. ஒன் 12. ஹீ லிவ்ஸ்

பந்தியின் திருத்தம்: “மை நேம் இஸ் சீலன் (பாடம் 1). ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2010 (பாடம் 4). மை ஃபாதர் க்ரோஸ் பாடி (பாடம் 2). ஹீ டிட் நொற் கோ டு த ஃபீல்ட் யெஸ்டர்டே (பாடம் 3). வீ டிஸ்கஸ்ட் த ரெய்ன் (பாடம் 6).”

பன்னிரண்டில் ஒன்பதுக்குக் குறைவாக எடுத்த பிள்ளையை ஏச வேண்டாம். எந்த இலக்கத்தில் பிழைத்தது என்று பார்த்து அந்தப் பாடத்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள். ஒன்பதும் அதற்கு மேலும் எடுத்த பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தாளைக் கொடுத்துக் கேள்வி கேட்கட்டும். சொல்லிக் கொடுக்கும்போதுதான் படித்தது மனதில் உறைக்கும். பெற்றோரே, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் ஆறு கிழமை முடிவில் உங்களுக்கும் ஆங்கிலத்தில் நாற்பது, ஐம்பது வாக்கியங்கள் தெரிந்திருக்கும். அதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.